முடக்குவாதம் இருந்தால் உடம்புக்குச் சீக்கிரம் வயதாகிவிடுமா?

வந்த கேள்வி இது. கேட்பவருக்கு 43 வயது. 11 வருடமாக முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி அரிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், கூடவே ஃபோலிக் ஆசிட், வலி கூடினால் சில வாரம் ஸ்டீராய்டு. தெரிந்தவர் சொன்னார் என்று ரத்தம் கொடுத்து 'உயிரியல் வயது' பார்த்திருக்கிறார். 52 என்று வந்திருக்கிறது. "இந்த ஒன்பது வருடத்தை நோய் தின்றதா, மாத்திரை தின்றதா? மாத்திரையை நிறுத்தினால் குறையுமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த டெஸ்ட்டை எடுத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

நடுவில் உள்ள கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் உடம்புக்கு வயதைக் கூட்டுவது எதுவோ, அதை அடக்கி வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். மூட்டு நோயாளிகளைப் பல வருடமாகப் பார்க்கிற மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயந்துபோய் மருந்தை விட்டவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் விரலை மடக்க முடியாமல் திரும்பி வருவதைப் பார்க்கும்போது மனசு மிகவும் கஷ்டப்படும். அந்த மாதங்களில் அரித்துப்போன எலும்பு திரும்ப வளராது.

சரி, இப்போது அந்த 52-க்கு வருவோம். அறிக்கையில் இருந்த ஒன்பது பரிசோதனைகளையும் எழுதியிருக்கிறீர்கள்: ஆல்புமின், கிரியாட்டினின், சர்க்கரை, சி.ஆர்.பி. (அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்), வெள்ளையணு எண்ணிக்கை, அதில் லிம்ஃபோசைட் எத்தனை சதவீதம், எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு), ஆர்.டி.டபிள்யூ., ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ். இது 2018-ல் மோர்கன் லெவின் குழுவினர் வெளியிட்ட கணக்கு. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்த முடிவுகளையும், அவர்களில் பின்னால் யார் யார் இறந்தார்கள் என்ற விவரத்தையும் சேர்த்துவைத்து உருவாக்கியது. உங்கள் எண்களைப் போட்டால், இறக்கும் வாய்ப்பு எந்த வயதுக்காரரைப் போல இருக்கிறது என்று சொல்லும். பெரிய கூட்டத்தை ஆராய நல்ல கருவிதான். முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடும் ஒரு தனி ஆளிடம் அது தடுமாறும். எங்கே தடுமாறும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தூக்கம் போனது இதனால்தான்.

மெத்தோட்ரெக்ஸேட் ஃபோலேட்டின் வேலையில் குறுக்கிடும். அதனால் சிவப்பணுக்கள் சற்றுப் பெரிதாகும், எம்.சி.வி. ஏறும். கணக்கு அதை வயது என்று எடுத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு சாப்பிட்ட வாரத்தில் வெள்ளையணு கூடும், லிம்ஃபோசைட் சதவீதம் குறையும், சர்க்கரை ஏறும். மூன்றுமே கணக்கில் வயதைக் கூட்டுபவை. மூட்டு வீங்கியிருக்கும் நாளில் சி.ஆர்.பி. 2-லிருந்து 24-க்குப் போயிருந்தால் அதற்கு மட்டும் இரண்டரை வருடம் ஏறும். எல்லாவற்றையும்விடப் பெரியது ஆர்.டி.டபிள்யூ. சிவப்பணுக்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றனவா, பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கின்றனவா என்பதைச் சொல்லும் எண் அது. அதில் ஒரு புள்ளி கூடினாலே இந்தக் கணக்கில் மூன்று வருடத்துக்கு மேல் கூடிவிடும். ஆர்.டி.டபிள்யூ. கூடுவதற்கு நம் ஊர்ப் பெண்களிடம் மிகச் சாதாரணமான காரணம் இரும்புச்சத்துக் குறைவு. மாதவிடாயில் அதிகம் போகிற ஒரு பெண்ணுக்குச் சில மாதம் இரும்பு மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடக்கூடிய ஒன்றை முதுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஹீமோகுளோபினையும், உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் முதலில் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: மூட்டு வீங்கியிருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறிக்கொள்ளும், அதனால் அந்த நேரத்தில் அது சரியாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் இரும்பு போதுமென்று அர்த்தமில்லை.

ரத்தத்தில் டி.என்.ஏ.வின் மேல் படியும் மெத்தில் குறிகளை எண்ணி வயது சொல்லும் 'கடிகாரங்கள்' வேறு வகை. 2013-ல் ஸ்டீவ் ஹார்வத் 353 இடங்களை வைத்து முதலில் பெயர்பெற்ற ஒன்றைச் செய்தார். அவற்றிலும் சிக்கல் உண்டு. ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை அளந்தபோது சில கடிகாரங்களில் 9 வருடம் வரை வித்தியாசம் வந்ததை 2022-ல் காட்டினார்கள். பிறகு அந்த ஆட்டத்தைக் குறைக்க வழிகளும் வந்தன. ஆனாலும் ஒரு தடவை எடுத்த ஒரு எண்ணை நம்பி யாரும் மருந்தை மாற்றக்கூடாது.

அப்படியானால் எல்லாம் வெறும் பயமா? இல்லை. எண்ணை நம்ப வேண்டாம் என்றேனே தவிர, அதற்குப் பின்னால் இருக்கும் விஷயம் பொய்யில்லை.

அழல் என்றால் தீ. அதிலிருந்து வந்த சொல்தான் அழற்சி. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று நான்கு அடையாளங்களை ரோமில் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். விரலில் முள் குத்தினால் இந்த நான்கும் வரும், கிருமியைக் கொல்லும், கழிவை அகற்றும், சில நாளில் தானே அணையும். அணைப்பதற்கென்றே உடம்பில் தனி ஏற்பாடு இருக்கிறது. அந்தத் தீ இல்லாவிட்டால் நாம் ஒரு முள்ளுக்கே செத்துப்போவோம். முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வில் இந்தத் தீ பற்றிக்கொள்கிறது, அணைவதில்லை. சண்டைக்குரிய செல்கள் அங்கேயே குடியேறிவிடுகின்றன. அவை சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள் மூட்டோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகின்றன.

போய் என்ன செய்கின்றன? இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்குப் போய் சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்யச் சொல்கிறது. அதே கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனையும் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் இரும்பைச் சேமிப்பறையில் போட்டுப் பூட்டிவிடும். சாப்பாட்டில் இரும்பு இருந்தும் ரத்தசோகை. எலும்பில் எலும்பைத் தின்னும் செல்களைத் தூண்டிவிடுகின்றன, எலும்பு மெலிகிறது. தசையில் புரதம் கரைகிறது. ரத்தக்குழாயின் உள்சுவர் சொரசொரப்பாகிறது, கொழுப்பு படிய இடம் கிடைக்கிறது. சோகை, மெலிந்த எலும்பு, தளர்ந்த தசை, கடினமான ரத்தக்குழாய்: இந்த நான்கையும் 75 வயதுக்காரரிடம் பார்த்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள், வயதாகிவிட்டது என்பார்கள். 43 வயதில் உங்களுக்கு வரும் அசதிக்கும் இதில் பங்கு உண்டு. அதைச் சோம்பல் என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

முதுமைக்கும் அழற்சிக்கும் உள்ள இந்த உறவுக்கு 2000-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி ஒரு பெயர் வைத்தார். அழற்சி, மூப்பு இரண்டு சொற்களையும் ஒட்டி 'இன்ஃப்ளமேஜிங்' என்றார். நோய் இல்லாதவர்களிடமும் வயது ஏற ஏற மெல்லிய அழற்சி ஒன்று அடியில் கனன்றுகொண்டே இருக்கிறது என்பது அவர் சொன்னது. அது எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கிடைத்த பதில்களில் முக்கியமானது முதிர்ந்த செல்கள். மனித செல்கள் ஏறக்குறைய 50 முறை பிரிந்த பிறகு நின்றுவிடுகின்றன என்று 1961-ல் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் காட்டினார்கள். நின்றுபோன செல் சும்மா இருக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். சும்மா இருப்பதில்லை, இன்டர்லூக்கின்-6 உட்பட ஒரு கூட்டம் அழற்சிப் பொருள்களைக் கக்கிக்கொண்டே இருக்கிறது என்று 2008-ல் ஜூடித் கேம்பிசியின் ஆய்வகம் காட்டியது. இங்கேதான் சக்கரம் முழுமையடைகிறது. அழற்சி செல்களைச் சீக்கிரம் முதிர வைக்கிறது. முதிர்ந்த செல்கள் அழற்சியைக் கூட்டுகின்றன.

முடக்குவாதக்காரர்களிடம் இந்தச் சக்கரத்தின் தடம் நேரடியாகவே தெரிந்திருக்கிறது. அவர்களுடைய டி-செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களில் டிலோமியர் என்னும் குரோமோசோம் நுனிகள் வயதுக்கு மீறித் தேய்ந்திருப்பதையும், தைமஸ் சுரப்பியிலிருந்து புதிய செல்கள் வருவது வயதுக்கு மீறிக் குறைந்திருப்பதையும் அமெரிக்காவில் கார்னீலியா வெயாண்ட், யோர்க் கோரன்சி குழுவினர் 2000-ல் வெளியிட்டார்கள். நோய் வந்ததால் தேய்ந்ததா, தேய்ந்திருந்ததால் நோய் வந்ததா என்பதில் இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. என் கணிப்பில் இரண்டும் நடக்கிறது.

இதயம்தான் நான் அதிகம் கவலைப்படும் இடம். முடக்குவாதம் உள்ளவருக்கு மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிட்டு வரும் எண்ணை 1.5-ஆல் பெருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர்களின் பரிந்துரை. கொழுப்பு, பி.பி. எல்லாம் ஒரே அளவில் இருந்தாலும், இவருக்கு ஒன்றரை மடங்கு. நம்மிடம் பல நோயாளிகளுக்கு மூட்டை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறோம், இதயத்தைக் கேட்பதே இல்லை. இதை எங்கள் தரப்புக் குறையாகவே ஒத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு நுணுக்கம். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள் அல்லவா? சி.ஆர்.பி. அந்தப் புகை. பிறவியிலேயே மரபணு காரணமாக சி.ஆர்.பி. மட்டும் சற்றுக் கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. ஆனால் இன்டர்லூக்கின்-6 வேலை செய்யும் இடம் மரபணு காரணமாகவே சற்று மந்தமாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஆகவே அணைக்க வேண்டியது நெருப்பை. அதைச் சோதித்துப் பார்த்தது 2017-ல் வெளியான கான்டோஸ் ஆய்வு. மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. 2-க்குக் குறையாமல் இருந்த 10,061 பேர். இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் ஊசியை 150 மில்லிகிராம் அளவில் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தது. கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லை, அழற்சி மட்டும்தான் இறங்கியது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின, மொத்த மரணம் குறையவில்லை. தீயை முழுக்க அணைத்தால் அடுப்பும் அணைந்துவிடும், அதுதான் சிக்கல்.

உங்கள் மெத்தோட்ரெக்ஸேட் பற்றியும் இரண்டு ஆய்வுகள் உண்டு, சேர்த்துப் படித்தால்தான் விளங்கும். 2002-ல் வெளியான ஒன்றில் 1,240 முடக்குவாத நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டவர்களிடம் மரணம் 60 சதவீதம் குறைவு, இதயநோய் மரணம் இன்னும் குறைவு. இது கவனித்துப் பார்த்த ஆய்வு, குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை இல்லை. அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பிறகு முடக்குவாதம் இல்லாத இதய நோயாளிகள் 4,786 பேருக்கு அதே மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். பலன் இல்லை. காரணம், அவர்களுக்கு ஆரம்பத்திலேயே சி.ஆர்.பி. பெரிதாக இல்லை, மருந்து அதை மேலும் இறக்கவும் இல்லை. தீ எரிகிற வீட்டில் தண்ணீர் ஊற்றினால் வீடு தப்பும், எரியாத வீட்டில் ஊற்றினால் வீடு நனைவதுதான் மிச்சம். உங்கள் வீட்டில் தீ எரிகிறது.

இதைச் சொல்லும்போது நம் மண்ணின் ஒரு பூ நினைவுக்கு வருகிறது. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுவார்களே, செங்காந்தள், நம் மாநில மலர், அதன் விதையிலிருந்து எடுப்பதுதான் கோல்சிசின். யூரிக் அமிலம் படிந்து வரும் கீல்வாதத்தில் அழற்சியைத் தணிக்கக் காலங்காலமாகக் கொடுக்கும் மருந்து. மாரடைப்பு வந்த 4,745 பேருக்குத் தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. இதயக் கோளாறுகள் 23 சதவீதம் குறைந்தன. 2023-ல் அமெரிக்கா இதயநோய்க்கு அதை அனுமதித்தது. அடுத்த வருடம் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை, ஆகவே விவாதம் முடியவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் அந்தக் கிழங்கைத் தொடாதீர்கள். கிழங்கு, விதை எல்லாமே கொடிய விஷம். மருந்தளவுக்கும் சாவுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது.

அழற்சி ஏறுவது வயதின் விதி, தப்பவே முடியாது என்றும் நினைக்க வேண்டாம். பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களுக்குப் புழுவும் தொற்றும் ஏராளம், பாதிப் பேருக்கு சி.ஆர்.பி. உயர்ந்தே இருக்கிறது. ஆனாலும் இதயக் குழாய் அடைப்பு அவர்களிடம் மிக மிகக் குறைவு என்று 2017-ல் தெரியவந்தது. 2025-ல் வந்த ஒரு ஆய்வில் இத்தாலி, சிங்கப்பூர் மக்களோடு சிமானேக்களையும் மலேசியாவின் ஓராங் அஸ்லி மக்களையும் ஒப்பிட்டார்கள். வயதோடு ஏறும் அந்த அழற்சி முந்தைய இரண்டு இடங்களில் தெரிந்தது, பிந்தைய இருவரிடம் தெரியவில்லை. நாள் முழுக்க நடக்கிற, மெலிந்த உடம்பு அவர்களுடையது. எது காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் வாழும் விதத்துக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது என்று நம்ப இது போதும்.

ஏறியது இறங்குமா என்பதற்கும் ஒரு நல்ல செய்தி. இடுப்பெலும்பு முறிந்து அவசர அறுவை சிகிச்சைக்கு வந்த முதியவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்ததில், மறுநாள் காலையே டி.என்.ஏ. கடிகாரம் முன்னால் ஓடியிருந்தது. ஒரு வாரத்துக்குள் பழைய இடத்துக்குத் திரும்பியும் விட்டது. 2023-ல் வெளியானது. உடம்பு படும் பாடு எண்ணில் தெரிகிறது, பாடு தீர்ந்தால் எண்ணும் இறங்குகிறது. ஆகவே நோய் எத்தனை வருடம் என்று எண்ணிக் கலங்காதீர்கள். அந்த 11 வருடத்தில் அடங்காமல் எரிந்த மாதங்கள் எத்தனை என்பதுதான் கணக்கு.

அந்த மாதங்களை எப்படிக் குறைப்பது? முதலில், ஸ்டீராய்டை நீங்களாக மருந்துக்கடையில் வாங்காதீர்கள். வலி சட்டென்று விடும், உண்மைதான். ஆனால் எலும்பு மெலிவது, சர்க்கரை, கண்புரை, காகிதம் போலத் தோல் என்று முதுமையின் அடையாளங்களை மருந்தே கொண்டுவந்துவிடும். 'மாத்திரை தின்றதா' என்று கேட்டீர்களே, உங்கள் பட்டியலில் அப்படிச் சொல்லத்தக்கது இது ஒன்றுதான். அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் அடிப்படை மருந்து போதவில்லை என்று அர்த்தம். அதை மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே பல வாரமாகத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருநாள்தான், தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையிலேயே எழுதிவையுங்கள்.

அப்புறம் பல். ஈறு நோயை உண்டாக்கும் ஒரு கிருமி, முடக்குவாதத்தைக் கண்டறிய எடுக்கும் ஆன்டி சி.சி.பி. டெஸ்ட் பிடிக்கிறதே, அதே வகைப் புரத மாற்றத்தைச் செய்யக்கூடியது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோயைத் தீவிரமாகச் சிகிச்சை செய்ததில் ஒரு வருடத்தில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 0.6 புள்ளி இறங்கியதை 2018-ல் பார்த்தார்கள். வாயில் எரிகிற தீயும் தீதான்.

எடைக்கருவியை நம்பாதீர்கள். இந்த நோயில் தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு ஏறும், எடை மாறாது. நம் உடல்வாகே அப்படித்தான். 2004-ல் புணேயின் யாஜ்னிக் தன் படத்தையும் ஆங்கிலேய நண்பர் யுட்கின் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. கொழுப்பு மட்டும் அவருக்கு 21.2 சதவீதம், நண்பருக்கு 9.1. இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. தினமும் நடையும், வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் செய்யுங்கள், மூட்டு கெட்டுவிடாது. வேலை செய்யும் தசையே அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் உண்டாகத் தூண்டுகிறது. வீட்டில் யாராவது புகை பிடித்தால் வெளியே போகச் சொல்லுங்கள்.

மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். மிளகுச் சாறு சேர்த்துக் காப்ஸ்யூலாக விற்கும் குர்குமின் வேண்டாம். அதனால் கல்லீரல் வீங்கியவர்களை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவு செய்திருக்கிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைப் பார்த்தே கொடுக்க வேண்டிய மருந்து, இரண்டையும் சேர்ப்பது சரியில்லை.

கடைசியாக, டெஸ்ட்டைத் திரும்ப எடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்றும் கொழுப்புப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது "என் டி.ஏ.எஸ்.28 எவ்வளவு?" என்று கேளுங்கள். 28 மூட்டுகளை அமுக்கிப் பார்த்து, ரத்த முடிவையும் உங்கள் சொல்லையும் சேர்த்துப் போடும் எண் அது. 2.6-க்குக் கீழே என்றால் நோய் அடங்கியிருக்கிறது. 3.2-க்கு மேல் என்றால் எரிந்துகொண்டிருக்கிறது, மருந்தை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். 5.1-ஐத் தாண்டினால் காத்திருக்கவே கூடாது. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு வருடத்தில் எத்தனை மாதம் 3.2-க்கு மேலே இருந்தீர்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.